காதால் கேட்பதும் பொய்!
மூன்றாம் ஆண்டு இயற்பியல் மாணவன்

“கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய்” என்பது நம் முன்னோர் வாக்கு. அதன் நடுப்பகுதியை எனக்கு விளங்க வைத்தது எங்கள் வீட்டு ஆம்ப்ளிபயர்தான்.

தேர்வாய் கண்டிகை சிப்காட் தொழிற்பூங்காவில் வேலை பார்க்கும் என் அண்ணன், முதல் போனசில் ஆறாயிரம் ரூபாய் கொடுத்து ஒரு பவர் கார்டு வாங்கி வந்தார். விரல் பருமன், பின்னல் உறை, பொன்முலாம் பூசிய முனைகள்! “இதைப் போட்டால் பாட்டின் தெளிவே வேறு” என்றாராம் கடைக்காரர். “தம்பி, வீணை எவ்வளவு துல்லியமாகக் கேட்கிறது பார்!” என்றார் அண்ணன். எனக்கும் அப்படியே தோன்றியது. அதனால்தான் ஐயமும் பிறந்தது.

கணக்குப் போட்டேன். 1827இல் ஓம் வெளியிட்ட விதியே போதும். 1.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி 2 மீட்டர் போய்வர, மின்தடை ஏறக்குறைய 0.05 ஓம். எங்கள் ஆம்ப்ளிபயர் இழுப்பது ஓர் ஆம்பியர் அளவே. ஆகவே சாதாரணக் கம்பியில் இழப்பு 0.05 வோல்ட்தான். எங்கள் தெருவில் மோட்டார்கள் ஓடும் நேரத்தில் மின்னழுத்தம் ஏறி இறங்குவதோ பல வோல்ட்! மேலும் மின்சாரம் டிரான்ஸ்பார்மரில் இறங்கி, டயோடுகளால் நேர்த்திசையாகி, மின்தேக்கிகளில் தேங்கிச் சீரான பின்பே பாட்டுக்கு உதவுகிறது. மின்கம்பத்திலிருந்து வீடுவரை வந்த கம்பி செய்யாத மாயத்தைக் கடைசி 2 மீட்டர் செய்யுமா?

கணக்கை அண்ணன் ஏற்கவில்லை. எனவே சோதித்தோம். அவர் கண்ணில் படாமல், நாணயம் சுண்டிப் பார்த்து, பழைய கார்டையோ புதியதையோ செருகினேன். ஒரே பாட்டு, ஒரே ஒலியளவு, 10 முறை. அவர் சரியாகச் சொன்னது 5 முறை. குருட்டாம்போக்கில் சொன்னாலும் அவ்வளவுதான் வரும். “போனஸ் போச்சுடா!” என்று சிரித்துவிட்டார்.

ஒரு வீட்டுச் சோதனை உலகத்திற்கே தீர்ப்பாகாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். இற்றுப்போன கார்டை மாற்றத்தான் வேண்டும். ஸ்பீக்கருக்குப் போகும் கம்பி மிக மெல்லியதாக இருந்தால் ஒலி கெடும். ஸ்பீக்கரின் தடையே 8 ஓம் அளவுதானே!

கதை இத்துடன் முடியவில்லை. சோதனையின்போது ஆம்ப்ளிபயரின் உலோகப் பெட்டி சுருக்கென்று ஷாக் அடித்தது. எலக்ட்ரீசியன் வந்து சுவர்ப் பிளக்கைத் திறந்தார். மூன்றாவது துளை வெறும் துளை. எர்த் கம்பியே இல்லை! பவர் கார்டு விலையில் பாதிகூட ஆகாமல் எர்த் போட்டு முடித்தோம். ஷாக் நின்றது. பாட்டின் பின்னே எப்போதும் கேட்ட ‘ம்ம்ம்’ என்ற இரைச்சலும் அடங்கியது.

அண்ணனை நான் குறை சொல்லேன். எட்டு மணி நேரம் இயந்திர ஓசையில் நிற்பவருக்கு இனிய இசை மீது ஆசை இராதா? அந்த ஆசையை விலை பேசி விற்பதே தவறு.

நண்பர்களே! பளபளக்கும் கம்பிக்குப் பணம் எடுக்குமுன், உங்கள் வீட்டுப் பிளக்கின் மூன்றாவது துளையை விசாரியுங்கள். அங்கே பாட்டு மட்டுமல்ல, உயிரும் இருக்கிறது.