சாட்சி சொல்லாத திருச்சபை

ஊரப்பாக்கத்தில் ஞாயிற்றுக்கிழமை காலை ஜி.எஸ்.டி. சாலையை ஒட்டிய தெருக்களில் நடந்து பாருங்கள். மாடி மேல் தகரக் கூரை போட்ட சபைகளிலிருந்து மைக் சத்தம் வரும். இரட்சிப்பு, வருகை, நியாயத்தீர்ப்பு என்று பிரசங்கம் போகும். பிறகு சாட்சி நேரம். மகனுக்கு ஐ.டி. வேலை கிடைத்தது, கூடுவாஞ்சேரியில் மனை வாங்கினோம், கட்டி கரைந்தது என்று ஒவ்வொருவராகச் சொல்வார்கள். அந்த நன்றியை நான் கேலி செய்யவில்லை. சொந்த ஊரை விட்டு வந்து வாடகை வீட்டில் காலம் தள்ளுகிறவர்களுக்கு அதெல்லாம் பெரிய விஷயம்தான். ஆனால் இத்தனை ஆண்டுகளில் சாதியைப் பற்றி ஒரே ஒரு சாட்சியைக்கூட நான் கேட்டதில்லை.

சாட்சி என்பவர் கண்டதைச் சொல்பவர். புதிய ஏற்பாட்டின் கிரேக்கத்தில் சாட்சியைக் குறிக்கும் சொல்லே பின்னாளில் உயிர்த்தியாகியைக் குறிக்கும் சொல்லாகவும் ஆனது. கண்டதைச் சொன்னால் உயிர் போகும் என்று தெரிந்தும் சொன்னார்கள் என்பதால் அது நேர்ந்தது. கண்டதை மறைப்பவருக்கு நீதிமன்றத்தில் வேறு பெயர் உண்டு.

தமிழ்நாட்டுத் திருச்சபை கண்டது என்ன? உளுந்தூர்பேட்டை பக்கத்து எறையூரில் தலித் கத்தோலிக்கர்களுக்குத் தனிக் கல்லறை. அவர்களுடைய பிணம் பொதுப் பாதையில் வரக் கூடாது. ஆகவே தங்களுக்குத் தனிப் பங்கு கேட்டார்கள். 2008 மார்ச்சில் அவர்கள் வீடுகள் தாக்கப்பட்டன. போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் ஆதிக்க சாதிக் கிறிஸ்தவர்கள் இருவர் செத்தார்கள். சாதியைக் கட்டிக் காத்ததன் விலையை இரு பக்கமும் கொடுத்தது. திருச்சி மேலப்புதூர் கல்லறையில் செத்தவர்களைச் சாதி பார்த்துப் பிரிக்க நடுவில் சுவர். இடிக்கச் சொல்லி இயக்கங்கள் தெருவில் இறங்க வேண்டியிருந்தது. உயிர்த்தெழுதலை நம்புகிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன்: கடைசி எக்காளம் ஊதும்போது சுவருக்கு இந்தப் பக்கம் எழுந்தவரும் அந்தப் பக்கம் எழுந்தவரும் எந்த வாசல் வழியாக வருவார்கள்?

புறநகரில் சுவர் கண்ணுக்குத் தெரியாது. ஒரே தட்டிலிருந்து அப்பம் எடுப்பார்கள், ஒரே பெஞ்சில் உட்காருவார்கள். பெண் பார்க்கப் போகும்போதுதான் சுவர் எழும்பும். மணமகள் தேவை விளம்பரத்தைப் படியுங்கள், ஆர்.சி., சி.எஸ்.ஐ. என்ற எழுத்துகளுக்கு அடுத்த சொல்லே சாதிப் பெயர். ஞானஸ்நானத் தண்ணீரில் கரையாத பாவம் இது ஒன்றுதான் போலிருக்கிறது.

இதில் இன்னொரு இரட்டை வேடமும் இருக்கிறது. 1950 ஜனாதிபதி ஆணை இந்துக்களை மட்டுமே பட்டியல் சாதியினர் என்றது. 1956-ல் சீக்கியர்களும் 1990-ல் பௌத்தர்களும் சேர்க்கப்பட்டார்கள். கிறிஸ்தவர்களும் முஸ்லிம்களும் இன்றும் வெளியே. இது மத அடிப்படையிலான பச்சை அநீதி, எதிர்க்க வேண்டும். ஆயர்களும் டெல்லிக்குப் போய், மதம் மாறினாலும் சாதிக் கொடுமை தொடர்கிறது, உரிமை கொடுங்கள் என்று கேட்கிறார்கள். சரிதான். அதே வாய் ஞாயிற்றுக்கிழமை பீடத்தில் ஏறியதும் கிறிஸ்துவுக்குள் சாதி இல்லை என்று பேசுகிறது. அரசிடம் ஒரு சாட்சி, பலிபீடத்தில் வேறொரு சாட்சியா? எது உண்மை?

உள்வீட்டு அழுக்கை வெளியே பேசினால் சங்கிகளுக்கு லாபம் என்று முற்போக்கு நண்பர்கள் சிலர் என்னிடம் சொல்வதுண்டு. அந்த லாபத்தைக் கொடுப்பது கல்லறைச் சுவர், அதை இடிக்கச் சொல்கிறவன் அல்ல. பவுல் என்ன செய்தார்? அந்தியோகியாவில் பேதுரு புறஜாதியாரோடு ஒன்றாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எருசலேமிலிருந்து ஆட்கள் வந்ததும் பயந்து பந்தியை விட்டு விலகினார். பவுல் எல்லோர் முன்னிலையிலும் முகத்துக்கு நேராகக் கண்டித்தார். மூத்தவர், தலைவர், எதிரி காதில் விழுமே என்றெல்லாம் பார்க்கவில்லை. பந்தியில் பேதம் பார்ப்பது சுவிசேஷத்துக்கே துரோகம் என்பதுதான் அவர் வாதம்.

மத்தேயு 25-ம் அதிகாரத்தின் நியாயத்தீர்ப்பையும் கவனியுங்கள். எத்தனை கூட்டத்துக்குப் போனாய், எந்தச் சபையில் முழுக்கு எடுத்தாய் என்று அங்கே கேள்வி இல்லை. பசித்தவருக்குச் சோறு, அந்நியருக்கு இடம், சிறையில் கிடப்பவருக்குத் துணை, இவைதான் கேள்வி. சோறும் இடமும் இந்த நாட்டில் நிலத்தின் கேள்வி. நிலம் சாதியின் கேள்வி.

எங்கள் செங்கல்பட்டு மண்ணில் அந்தச் சாட்சியைச் சொன்னவர்கள் இருந்தார்கள். ஆடம் ஆண்ட்ரூ, வில்லியம் கௌடி போன்ற மிஷனரிகள் பறையர்களுக்கு நிலமும் குடிமனையும் வேண்டும் என்று அரசை நெருக்கினார்கள். 1891-ல் கலெக்டர் டிரமென்ஹீர் அறிக்கை எழுதினார். 1892-ல் பஞ்சமி நில ஆணை வந்தது. அந்த நிலமும் பிறகு பறிபோனது. அதை மீட்கும் போராட்டத்தில்தான் 1994 அக்டோபர் 10 அன்று, காரணை மக்களுக்காக நின்ற ஜான் தாமசும் ஏழுமலையும் போலீஸ் குண்டுக்கு இரையானார்கள். ஒருவர் பெயரில் பைபிள் இருக்கிறது, இன்னொருவர் பெயரில் திருப்பதி. குண்டு பெயர் பார்த்துப் பாயவில்லை. சாட்சி என்ற சொல்லின் பழைய பொருள் அந்த இருவருக்கும் பொருந்தும். ஜி.எஸ்.டி. சாலைச் சபைகளில் எத்தனை பேருக்கு இந்தப் பெயர்கள் தெரியும்?

சபைக்குப் போகும் இளைஞர்களே, உங்கள் போதகரிடம் மூன்று கேள்வி கேளுங்கள். சொந்த ஊர்ச் சபையின் கல்லறையில் எல்லோருக்கும் ஒரே இடமா? சபைக் கமிட்டியில் தலித்துகள் எத்தனை பேர்? சாதி மறுத்துக் கல்யாணம் செய்யும் ஜோடி வந்தால், பெற்றோர் எதிர்த்தாலும் ஆசீர்வதித்துப் பாதுகாப்பீர்களா? பதில் வரும்வரை கேளுங்கள். அடுத்த சாட்சி நேரத்தில் மைக் உங்கள் கைக்கு வந்தால் வந்த பதிலை எல்லோருக்கும் கேட்கும்படி வாசித்துவிடுங்கள்.