மேளம் கேட்கிறது, ஆளைத் தெரியாது

ஹெர்பி நிக்கல்ஸ் என்றொரு ஜாஸ் பியானோக் கலைஞர் நியூயோர்க்கில் இருந்தார். பில்லி ஹொலிடே பாடிய ‘லேடி சிங்ஸ் த புளூஸ்’ பாட்டின் மெட்டு அவருடையது. பாட்டைத் தெரிந்தவர்கள் கனபேர். அவரைத் தெரிந்தவர்கள் கொஞ்சப்பேர். சீவியத்துக்காக மற்றவர்களின் குழுக்களில் வாசித்துக்கொண்டிருந்தவர், 1963இல் 44 வயதில் இறந்துபோனார்.

‘பாவம்’ என்று சொல்ல முதல், எங்கட பக்கத்தையும் ஒருக்கால் பார்ப்பம். நெடுங்கேணியில் எங்கள் வயதுக்காரரிடம் யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தி யார் என்று கேட்டுப் பாருங்கோ. கூடுதலானவர்கள் முழிப்பார்கள்.

அவர் தவில் வித்துவான் (1933–1975). தகப்பன் விசுவலிங்கமும் தவில்காரர்தான். அளவெட்டியில் வாழ்ந்தவர், தமிழ்நாட்டு வித்துவான்களே வியந்து கேட்ட வாசிப்பு அவருடையது. அவர் மறைந்து நாற்பது வருடம் கழித்து அம்ஷன் குமார் எடுத்த ஆவணப்படம் இந்தியாவில் தேசிய விருது வாங்கியது. அதற்குப் பிறகும் எங்களுக்கு அவரைத் தெரியாது.

ஏன்? ‘இது கஷ்டமான இசை, சனத்துக்கு விளங்காது’ என்பது லேசான பதில். அது பிழை. அந்தக் காலத்தில் கோயில் வீதியில் மேளச்சமா கேட்க விடிய விடிய இருந்ததும் இதே சனம்தான். வலக்கை விரல்களில் கூடும் இடக்கையில் தடியுமாக ஒரு மனிதர் அந்த இடத்திலேயே கற்பனை பண்ணிக் கணக்கு வைப்பதை அவர்கள் ரசித்தார்கள். ஜாஸ் ரசிகர்கள் செய்வதும் வேறொன்றில்லை.

எங்களுக்குத் தெரிகிற காரணங்கள் வேறு. முதலாவது, தவிலைப் பக்கவாத்தியம் என்று ஒதுக்கியது. நாதஸ்வரக்காரரின் பெயருக்குப் பிறகுதான் தவில்காரரின் பெயர். இரண்டாவது, பதிவு. நிக்கல்ஸ் தன் பெயரில் இசைத்தட்டுகளாவது விட்டுப் போனார். தெட்சணாமூர்த்தி வாசித்ததில் பெரும்பங்கு கோயில் வீதிக் காற்றோடு போய்விட்டது. மிஞ்சியது சில ஒலிப்பதிவுகள்.

மூன்றாவதைத்தான் நாங்கள் கதைக்க விரும்புவதில்லை: சாதி. மேளத்தை மங்களம் என்கிறோம். வாசிப்பவரை ‘மேளம் அடிக்கிற ஆக்கள்’ என்கிறோம். தாலி கட்டும்போது கெட்டிமேளம் வேண்டும். அதை வாசித்தவர் யார், யாரிடம் படித்தார் என்று கேட்கத் தோன்றுவதில்லை. கலியாண வீடியோவில் படம் எடுத்தவரின் பெயர் வரும், மண்டபத்தின் பெயர் வரும், மேளகாரரின் பெயர் வராது. பெயர் கேட்காத சமூகத்தில் மேதை மறக்கப்படுவதில் என்ன அதிசயம்?

தெட்சணாமூர்த்திக்குச் சிலை வைக்கச் சொல்லி நாங்கள் கேட்கவில்லை. வன்னிக் கோயில்களில் இன்றைக்கும் தவில் வாசிக்கிறவர்கள் இருக்கிறார்கள். திருவிழா நோட்டீசில் உபயகாரரின் பெயர் போடுகிற அளவு எழுத்தில் அவர்களின் பெயரையும் போடலாம். ‘தனி’ நடக்கும்போது கச்சான் கடைப் பக்கம் போகாமல் பத்து நிமிசம் இருந்து கேட்கலாம். எல்லாரிடமும் போன் இருக்கிறது. சாமியைப் படம் எடுக்கிற நேரத்தில், கேட்டுவிட்டு அவர்களின் வாசிப்பையும் பதியலாம். பதிந்தால் கீழே பெயரை எழுதுங்கோ. பெயர் தெரியாவிட்டால் கிட்டப் போய்க் கேளுங்கோ.