ஆகாயத்தின் மீது போடும் பழி

போகிப் பண்டிகையன்று விடிவதற்கு முன்பே சென்னையின் தெருக்களில் பழம்பாயும் துடைப்பமும் மட்டுமின்றி டயரும் பிளாஸ்டிக்கும் கொளுத்தப்படுவதும், அந்தப் புகை மேலே செல்ல வழியின்றி வீட்டு ஜன்னல்களுக்கு நேராகவே தங்கி விடுவதும், மீனம்பாக்கத்தில் இறங்க வேண்டிய விமானங்கள் 2018-ஆம் ஆண்டு ஜனவரி 13 அன்று நேர்ந்தது போல வேறு ஊர்களுக்குத் திருப்பி விடப்படுவதும் நமக்குப் பழகிப்போன விஷயங்களாகி விட்டன. அதற்குப் பிறகு நடக்கும் விவாதமும் பழகியதுதான். நுண்துகளின் அளவு சென்ற ஆண்டைவிடக் கூடியிருந்தால் பனியையும் காற்றின்மையையும் காரணம் காட்டுவதும், குறைந்திருந்தால் அது விழிப்புணர்வுப் பிரசாரத்தின் வெற்றி என்று சொல்லிக் கொள்வதும் உத்தியோக உலகத்தின் சம்பிரதாயம். நல்லதற்கு நாம், கெட்டதற்கு ஆகாயம் என்னும் இந்தப் பங்கீடு சௌகரியமானதே தவிர நியாயமானது என்று சொல்வதற்கில்லை.

பகலில் தரை சுட்டு, அதை ஒட்டிய காற்று இலேசாகி மேலெழும்போது, தெருவில் பிறந்த புகை சில ஆயிரம் அடி உயரம் வரை கலந்து கரைந்து விடுகிறது. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து வானம் வெளுத்த மார்கழி, தை இரவுகளிலோ, மேகத்தின் மறைப்பில்லாத பூமி தன் உஷ்ணத்தை விரைவாக இழந்து விட, தரையோரக் காற்று தனக்கு மேலுள்ள காற்றைவிடக் குளிர்ந்து கனத்துப் போகிறது. கீழே குளிர்ச்சி, மேலே வெப்பம் என்ற இந்தத் தலைகீழ் நிலை, பானைக்கு இட்ட மூடியைப் போலப் புகையைச் சில நூறு அடிக்குள் அடைத்து வைக்கிறது. கலப்பதற்குக் கிடைக்கும் உயரம் ஐந்தில் ஒரு பங்காகக் குறுகி, காற்றின் வேகமும் பாதியாகி விட்டால், ஒரு வண்டிகூட அதிகம் ஓடாமல், ஒரு குப்பைக் குவியல்கூட அதிகம் எரியாமல், நாம் சுவாசிக்கும் துகள் ஏறத்தாழப் பத்து மடங்காகக் கூடும். விடியற்காற்று நிர்மலமானது என்ற திடமான நம்பிக்கையுடன் ஐந்து மணிக்கே நடக்கக் கிளம்பும் பெரியவர்களிடம் இதைச் சொன்னால் கோபித்துக் கொள்வார்கள். ஆயினும் தை மாதத்தில் பெரிய சாலையோரம் குடியிருப்பவர்கள், கடற்காற்று வீசும் மாலை வேளைக்குத் தங்கள் நடையை மாற்றிக் கொள்வது மேல் என்பதே என் அபிப்பிராயம்.

ஈரப்பதத்தின் விளையாட்டு வேறு விதமானது. சல்பேட், நைட்ரேட் முதலிய உப்புத் துகள்கள் நீரை உறிஞ்சிப் பருத்து ஒளியைச் சிதறடிப்பதால், புகை அதிகம் கூடாமலே கண்ணுக்கு முன் திரை விழுகிறது. அடுக்குமாடிக் குடியிருப்புகளில் இப்பொழுது பலர் மாட்டி வைத்திருக்கும் மலிவான கருவிகள் ஒளிச் சிதறலைக் கொண்டே கணக்கிடுவதால், பனிக்காலையில் அவை மிகைப்படுத்திச் சொல்லக் கூடும். மழையிடமும் நமக்கு அளவு மீறிய விசுவாசம் உண்டு. சாலைப் புழுதியை அது அமர்த்தும், பருமனான துகள்களைத் துடைத்துக் கொண்டு போகும் என்பதெல்லாம் மெய். ஆனால் நுரையீரலின் ஆழம் வரை செல்லத்தக்க, ஒரு மைக்ரானுக்கும் குறைவான துகள்களில் பெரும்பகுதி, விழும் துளியைச் சுற்றி விலகித் தப்பி விடுகிறது.

கடற்காற்றைச் சென்னைவாசிகள் தெய்வப் பிரசாதமாகவே கருதுகிறார்கள். தென்சென்னையில் அப்படிக் கருதுவதற்குக் காரணமும் இருக்கிறது. வடசென்னையின் அனுபவம் வேறு. எண்ணூர், அத்திப்பட்டு வட்டாரங்களில் கடற்கரையை ஒட்டி நிற்கும் அனல்மின் நிலையங்களின் புகைபோக்கிகள் எவ்வளவு உயரமாக இருப்பினும், குளிர்ந்த கடற்காற்றின் அமைதியான அடுக்கில் நேராக மிதந்து உள்நாட்டை நோக்கி வரும் புகை, வெயிலால் கொதிக்கும் நிலத்தின் கொந்தளிப்பான காற்றைச் சந்திக்கும் இடத்தில் சட்டென்று கீழே இழுக்கப்பட்டு, ஆலைக்குச் சில மைல் தள்ளி இருக்கும் குடியிருப்புகளின் மீது கவிந்து விடலாம். ஆலை வாசலில் வைத்த கருவி அப்பொழுது குற்றமற்ற அளவையே காட்டிக் கொண்டிருக்கும்.

இவ்வளவு செல்வாக்குள்ள வானிலையையே குற்றவாளி என்று சொல்லிவிடலாமே என்று தோன்றக் கூடும். 1952-ஆம் ஆண்டு டிசம்பர் 5 முதல் 9 வரை லண்டன் நகரத்தைக் காற்றசையாத கடுங்குளிர் பிடித்துக் கொண்டபோது, அன்றைய அரசாங்கக் கணக்கின்படியே சுமார் 4,000 பேர் மாண்டார்கள். அதற்கு முந்தைய குளிர்காலங்களிலும் அங்கே வீட்டுக்கு வீடு கணப்பில் நிலக்கரி எரிந்தது. அந்த ஐந்து நாட்களில் புதிதாக வந்தது வானிலைதான். ஆனால் 1956-இல் பிரிட்டிஷ் பார்லிமெண்ட் நிறைவேற்றிய சட்டம் கரியையும் புகையையும் பற்றியது. பனியைச் சட்டத்தால் நிறுத்த இயலாது என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள்.

நம்மிடத்தில் இன்னொரு விதமான பிசகு நேரக் கூடும். 2019-இல் தொடங்கிய தேசிய தூய காற்றுத் திட்டம், துகளின் அளவு எத்தனை சதவீதம் குறைந்தது என்பதை வைத்து நகரங்களின் செயலை மதிப்பிடுகிறது; நிதியும் அதை ஒட்டியே வருகிறது. நல்ல மழையும் நல்ல காற்றும் வாய்த்த ஓர் ஆண்டில், ஒரு புகைபோக்கியையும் திருத்தாத நகரம் பாராட்டைப் பெறவும், பாடுபட்ட நகரம் காற்று நின்ற ஆண்டில் தலைகுனியவும் இது இடமளிக்கிறது. காற்றின் வேகம், கலப்பு உயரம், ஈரம், மழை ஆகியவற்றின் பங்கைப் புள்ளிவிவர முறையால் கழித்துவிட்டு மிச்சத்தைப் பார்க்கும் வழிகள் விஞ்ஞானிகளிடம் நெடுநாளாக இருக்கின்றன. அவை ஆராய்ச்சிக் கட்டுரைகளோடு நின்றுவிடுவதற்கு யாதொரு நியாயமும் இல்லை.

அன்றியும், வானிலையை மாற்ற முடியாவிட்டாலும் முன்கூட்டி அறிய முடிகிறது. டெல்லியில் 2022 முதல், அளவு ஏறும்வரை காத்திராமல் முன்னறிவிப்பைக் கொண்டே கட்டுப்பாடுகளைத் தொடங்கலாம் என்று விதித்திருக்கிறார்கள். சென்னை மாநகராட்சியும் போகியை ஒட்டிப் பழம்பாய், துணி, டயர் முதலியவற்றைத் தூய்மைப் பணியாளர்கள் மூலம் சேகரித்து வந்திருக்கிறது. அந்த ஏற்பாடு ஒரு பண்டிகையோடு முடியாமல், மார்கழி முதல் மாசி வரை காற்று நிற்கும் என்று அறிவிப்பு வரும் ஒவ்வோர் இரவுக்கு முன்னும் நடக்க வேண்டும்; கொடுங்கையூர், பெருங்குடி குப்பைமேடுகளுக்குக் காவலும், சாலை தோண்டும் வேலைகளுக்கு ஓய்வும் அந்நாட்களில் தேவை. அத்தகைய இரவுகளின் அளவுகளை மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் தனியே தொகுத்து, முந்தைய ஆண்டின் அத்தகைய இரவுகளோடு மட்டுமே ஒப்பிட்டு வெளியிடுமானால், குறைந்தது புகையா, அன்றி வீசியது காற்றா என்ற கேள்விக்கு நகரவாசிகளுக்கு விடை கிடைத்து விடும்.