பிடித்ததும் சிறந்ததும்

இரண்டு திரைப்படச் சுவரொட்டிகள் திரையில் அருகருகே தோன்றுகின்றன. ஒன்று ‘பதேர் பாஞ்சாலி’, மற்றொன்று ‘ஷோலே’. இவற்றுள் எது மேல் என்பதே கேள்வி. ஒன்றைத் தொட்டதும் அடுத்த இணை வந்து நிற்கிறது. பயனர் பார்த்த படங்களை இப்படி இரண்டிரண்டாக மோதவிட்டு வரிசைப்படுத்தித் தருவதே ஃபிளிக்சார்ட் என்னும் இணையதளத்தின் வேலை. விடுதி அறையில் இரவு பத்து மணிக்கு ‘ஐந்தே நிமிடம்’ என்று அதைத் திறக்கும் ஆய்வு மாணவர் இரண்டு மணிக்கும் மூடியிருக்கமாட்டார். எழுதி முடிக்கவேண்டிய இயல் அப்படியே கிடக்கும்.

இதை மன உறுதிக் குறைவு என்று ஒதுக்கிவிடுவது எளிது. காரணமோ கேள்வியின் வடிவத்திலேயே இருக்கிறது. ஒரு படத்துக்குப் பத்துக்கு எத்தனை மதிப்பெண் என்றால் மனம் தயங்கும். இரண்டில் ஒன்றைச் சொல் என்றால் உடனே சொல்லிவிடும். ஒப்பீட்டுத் தீர்ப்பு பற்றிய விதியைத் தர்ஸ்டன் என்ற உளவியலாளர் 1927இல் முன்வைத்தார். மொழியியலாரும் இரு தொடர்களைக் காட்டி எது இயல்பானது என்று கேட்பதுண்டு. ஆனால் ஆய்வில் ஒப்பீட்டின் அடிப்படை எது, இணைகள் எத்தனை என்பவை முன்கூட்டியே வரையறுக்கப்படுகின்றன. இங்கே இரண்டும் இல்லை. நூறு படங்களுக்கு 4,950 இணைகள். ஐந்நூறு படங்களுக்கு 1,24,750.

வரிசை உருவாகும் முறையும் ஆளை எழவிடுவதில்லை. கீழே உள்ள படம் மேலே உள்ளதை வென்றால் அதன் இடத்தையே எடுத்துக்கொள்கிறது. ஐம்பதாம் இடத்துப் படம் ஒரே தொடுகையில் மூன்றாம் இடத்துக்கு ஏறும்போது, இடையிலிருந்த 46 படங்களும் எந்த விசாரணையும் இன்றி ஒரு படி இறங்குகின்றன. அவற்றுள் மிக விருப்பமான படமும் இருக்கும். அநீதி இழைத்துவிட்டதாக உணரும் பயனர் அதைச் சரிசெய்ய மீண்டும் விளையாடுகிறார். ஒரு திருத்தம் அடுத்த திருத்தத்தைக் கோருகிறது.

இதனினும் ஆழமான சிக்கல் ஒன்று உண்டு. தமிழில் ‘எனக்குப் பிடிக்கும்’ என்கிறோம். இத்தொடரில் விரும்புபவர் எழுவாயாக வருவதில்லை. நான்காம் வேற்றுமை ஏற்கிறார். மலையாளத்தின் ‘எனிக்கு இஷ்டமாணு’, இந்தியின் ‘முஜே பசந்த் ஹை’ ஆகியவற்றிலும் இதே அமைப்புதான். விருப்பம் என்பது ஒருவர் செய்வதன்று, ஒருவருக்கு நேர்வது. சளி பிடிப்பதற்கும் பைத்தியம் பிடிப்பதற்கும் உள்ள அதே வினை. ‘சிறந்தது’ என்னும் சொல்லுக்கோ அந்த ‘எனக்கு’ தேவையில்லை. அது எல்லார் முன்னும் நிறுவப்படவேண்டிய கூற்று.

ஃபிப்ரெஸ்சி அமைப்பின் இந்தியப் பிரிவு 2022இல் நடத்திய வாக்கெடுப்பில் இந்தியாவின் தலைசிறந்த படமாக ‘பதேர் பாஞ்சாலி’ முதலிடம் பெற்றது, ‘ஷோலே’ பத்தாமிடம். அங்கே கேட்கப்பட்டது சிறப்பு, வாக்களித்தவர்கள் விமர்சகர்கள். நள்ளிரவில் தனியே அமர்ந்திருக்கும் மாணவரிடம் கேட்கப்படுவது எது என்பதே தெளிவில்லை. தந்தையுடன் தொலைக்காட்சியில் பலமுறை பார்த்த ‘ஷோலே’யை நோக்கிச் செல்லும் விரல், கருத்தரங்கில் யாரோ முகம் சுளிப்பதை எண்ணித் திரும்பிவிடுகிறது. பார்ப்பவர் யாருமில்லாத அறையிலும் தன் விருப்பத்தை ஒளிக்கக் கற்றுக்கொள்வதுதான் இங்கு நேரும் உண்மையான இழப்பு. வீணான நேரத்தை ஒரு விடுமுறையில் ஈடுசெய்யலாம். ஒரு படைப்பின் முன் தனக்கு என்ன நேர்ந்தது என்று சொல்லும் திறன் போய்விட்டால், பிறகு எழுதும் விமர்சனமும் பிறர் தீர்ப்பின் எதிரொலியாகவே அமையும்.

பட்டியல்களால் பயனே இல்லை என்று கூறுவதற்கில்லை. பார்க்காத படங்களை அவை நினைவூட்டுகின்றன. மறந்த படங்களை மீட்டுத் தருகின்றன. ஆனால் ஏன் அந்தப் படம் என்று ஒரு வாக்கியம்கூட எழுதாமல் ஆயிரம் முறை தேர்ந்தெடுப்பது ரசனைப் பயிற்சி ஆகாது. வகுப்பறையில் மாணவர்களிடம் முதல் பத்துப் படங்களைக் கேட்கும் ஆசிரியர், அவற்றுள் ஒன்றைப் பற்றி மட்டும் ‘எனக்கு’ என்று தொடங்கி ஒரு பக்கம் எழுதச் சொல்லிப் பார்க்கலாம். அந்தப் பக்கம் எண் வரிசையைவிட அதிகம் சொல்லும்.