திரிதல் நோக்கமற்றதா?

அண்மையில் ஒரு கருத்தரங்கில் ‘திரிதல்’ என்பதற்கு ‘நோக்கமின்றி அலைதல்’ என்று பொருள் உரைத்தனர். எவரும் மறுக்கவில்லை. நானும் அன்று வாய் திறக்கவில்லை. அந்த உறுத்தலே இப்பதிவு.

‘வேலை தேடித் திரிகிறான்’ என்கிறோம். நோக்கமின்மை அவ்வினையின் அகப்பொருளாயின் இத்தொடர் தன்னுள் முரண்பட்டிருக்க வேண்டும். எந்தத் தமிழர் காதுக்கும் அது முரணாக ஒலிப்பதில்லை. ஓரிடத்தில் நில்லாது இயங்குதல் என்பதே திரிதலின் பொருள். நோக்கமின்மை சூழலால் ஏறும் குறிப்பு. ‘தேடி’ என்ற ஒரே வினையெச்சம் வந்ததும் உதிர்ந்துவிடுகிறது. பொன்னும் குடமும் புணர்ந்து பொற்குடம் ஆவதையும் திரிதல் என்றே இலக்கணம் கூறுகிறது. அங்கே னகரம் மனம் போனபடியா றகரமாகிறது?

ஆக, நோக்கமின்மை பார்ப்பவர் கண்ணில் இருக்கிறது. கிடர்பூர்த் துறைமுக வாயிலை எண்ணிப் பாருங்கள். கப்பல் வந்தால் கூலி, வராவிடில் பட்டினி. இந்நிலையைச் சீர்செய்யவே 1948இல் துறைமுகத் தொழிலாளர் வேலை ஒழுங்குமுறைச் சட்டம் இயற்றப்பட்டது. அழைப்புக்காக அங்குக் காத்துக் கிடந்தவர், வழிப்போக்கர் கண்ணுக்கு வெறுமனே திரிபவர்தாம்.

அந்நகரின் வங்க மொழி இத்தகையோரைப் ‘பவகுரே’ என்கிறது. ‘பவ’ என்பது நம் ‘பவக்கடல்’ என்பதில் உள்ள பவமே; ‘குரே’ சுற்றுபவர். உலகைச் சுற்றுபவர் என்னும் இந்த அழகிய சொல்தான் இன்று அரசுக் காப்பகங்களின் பெயரில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. (பெண்ணாயின் நமக்கு ‘ஊர்சுற்றி’ போதும், காப்பகம் வீட்டிலேயே இருக்கிறது.)

1943இன் வங்காள நாடோடியர் சட்டத்தைப் படியுங்கள். பிச்சை கேட்பவர் மட்டுமல்லர், பிச்சையெடுத்துப் பிழைப்பவர் போலத் தோன்றும்படி பொது இடத்தில் திரிபவரும், ஏன், வெறுமனே நிற்பவரும்கூட அதில் அடங்குவர். தோற்றமே சான்று! ஐரோப்பிய வழியினருக்கு மட்டும் விலக்கு. அதுவோ பஞ்ச ஆண்டு. கிராமங்களிலிருந்து கல்கத்தாவுக்கு வந்தோர் கஞ்சி தேடி வந்தனர். அதைவிடத் தெளிவான நோக்கம் உண்டா?

“வழக்கில் உள்ளதைத்தானே அகராதி பதிவு செய்கிறது?” என்பீர்கள். சரி, முழு வழக்கையும் பதிவு செய்யுங்கள். ‘தேடித் திரிதல்’ முதற்பொருளுக்கு எடுத்துக்காட்டாக வரட்டும். ‘நோக்கமின்றி’ என்பதைத் தனிப்பொருளாகப் பிரித்து, அதன் பக்கத்தில் ‘இகழ்ச்சி வழக்கு’ என்று குறியிடுங்கள்.