மாறாத சாஸ்திரமும் மாறும் விஞ்ஞானமும்

"விஞ்ஞானிகள் இன்று ஒன்று சொல்லி நாளை மாற்றிக்கொள்ளுகிறார்கள்; நமது சாஸ்திரமோ என்றும் மாறாதது; ஆதலால் அதுவே உயர்ந்தது" என்று புராணப் பிரசங்கிகள் மேடைதோறும் பேசித் திரிகிறார்கள். இப்பேச்சின் யோக்கியதையைச் சற்றுப் பார்ப்போம்.

அமெரிக்காவில் மவுண்ட் வில்சன் வானாராய்ச்சி நிலையத்து வான் மானன் என்னும் அறிஞர், சுருள் வடிவமான நட்சத்திர மண்டலமொன்றைச் சில வருஷ இடைவெளியில் எடுத்த படங்களை ஒப்பிட்டு, அது சுழலுவதை அளந்துவிட்டதாக 1916-ல் வெளியிட்டார். சுற்றுக்கு 85,000 வருஷம் என்பது அவர் கணக்கு. ஷாப்லி போன்ற பெரிய அறிஞரும் அதை நம்பினார். ஆனால் இம்மண்டலங்கள் லட்சக்கணக்கான ஒளியாண்டுகளுக்கு அப்பால் இருப்பவை என்று ஹப்பிள் காட்டினார். அவ்வளவு தூரத்தில் அப்படிச் சுழன்றால் நம்பமுடியாத வேகத்திலல்லவா ஓடவேண்டும்? 1935-ல் ஹப்பிள் படங்களை மறுபடி அளந்தார், அச்சுழற்சி அகப்படவில்லை. அதே வருஷத்தில் வான் மானனும், தமது முடிவை அப்படியே நம்பவேண்டாமென்று ஒப்புக்கொண்டார். ஹப்பிளை "நாஸ்திகன்" என்று யாராவது வைதார்களா?

பிறகு 1984-ல் டிரெமெய்ன், வெயின்பெர்க் என்ற இருவர் வேறு வழி சொன்னார்கள். திருவிழாத் தெருவில் ஆட்கள் நகர்ந்துகொண்டேயிருக்க, நெரிசல் மட்டும் தனியாக ஊர்ந்து போவதுண்டல்லவா? அதுபோல் நட்சத்திரங்களின் வேகம் வேறு. சுருள் கைகளின் வேகமும், மண்டலத்தின் நடுவே நீண்டு கிடக்கும் பட்டையின் வேகமும் வேறு. வெளிச்சத்தை நிறம் நிறமாகப் பிரித்து, நட்சத்திரங்கள் நம்மை நோக்கி வரும் வேகத்தையும் விலகும் வேகத்தையும், எங்கெங்கே வெளிச்சம் அதிகமென்பதையும் சேர்த்துக் கணக்கிட்டால், அவ்வடிவம் சுழலும் வேகம் கிடைக்கும். "ஆகாய கங்கை" என்று நமக்குக் கதை சொல்லப்பட்ட பால்வீதியின் நடுப்பட்டை ஒரு சுற்றுச் சுற்ற ஏறக்குறைய 15 கோடி வருஷமோ, அதற்குச் சற்று அதிகமோ ஆகுமென்று இன்று பலவித அளவைகளால் சொல்லுகிறார்கள். இதுவும் திருத்தப்படலாம். திருத்துகிறவனுக்கு அங்கே மரியாதை உண்டு.

விஷ்ணு புராணமோ, நட்சத்திரங்கள் காற்றுக் கயிறுகளால் துருவனோடு கட்டப்பட்டுச் சுழலுகின்றன என்கிறது. கயிற்றை யார் கண்டார்? எதைக்கொண்டு அளந்தார்? கேட்டால் நரகம் என்பதல்லாமல் வேறு பதில் உண்டா? அளக்காத கணக்கில் பிழை எப்படி அகப்படும்? பிழையே அகப்படாததை மாறாத சத்தியமென்று சொல்லித் தட்சணை வாங்குவது புரட்டல்லாமல் வேறென்ன?

ஆகவே தோழர்களே, இனி எந்தப் பிரசங்கி உங்கள் ஊருக்கு வந்தாலும், "அளந்தவர் யார், அளந்தது எப்படி?" என்ற இரண்டு கேள்விகளையும் தைரியமாகக் கேட்கும்படி வேண்டிக்கொள்ளுகின்றோம்.