பிஸ்டனை மாற்றினால் மட்டும் போதுமா?

மன்னார், யாழ்ப்பாணம், முல்லைத்தீவுக் கரைகளில் சிறு படகுகளின் உயிர்நாடியாக இருப்பது வெளியிணைப்பு எஞ்சினே. மண்ணெண்ணெயில் ஓடும் ‘ரூ ஸ்ரோக்’ எஞ்சின்கள் இன்றும் பல குடும்பங்களின் அடுப்பை எரிய வைக்கின்றன. நடுக்கடலில் பிஸ்டன் இறுகி எஞ்சின் நின்றுவிட்டால் அன்றைய உழைப்பு மட்டுமல்ல, படகில் உள்ளோரின் உயிரும் ஆபத்துக்குள்ளாகிறது. கரை சேர்ந்த பின்னரோ, திருத்துவதற்காக வீட்டிலுள்ள நகை அடகுக் கடைக்குப் போகிறது.

இந்நிலையில் வழமையாக நடப்பது என்ன? பழுதான பிஸ்டனைக் கழற்றி, புதிய பிஸ்டனும் றிங்கும் போட்டு, அன்று மாலையே படகு இறக்கப்படுகிறது. சில வாரங்களில் அதே சிலிண்டர் மீண்டும் இறுகுகிறது. “சாமான் போலி” என்று கடைக்காரரைக் குறை சொல்கிறோம். போலிச் சாமான் இருக்கலாம். ஆனால் பிஸ்டன் தானாகக் கெடுவது குறைவு. வேறு எங்கோ உள்ள குறையை அது காட்டிக் கொடுக்கிறது. அக்குறையைத் தேடாமல் செய்யும் திருத்தம் திருத்தமே அல்ல என்பது எமது கருத்து.

கழற்றிய பிஸ்டனை எறிந்துவிடாமல் உற்றுப் பார்க்க வேண்டும். அதன் தலையில் ஓட்டை உருகி விழுந்திருந்தால் காற்று மிகுந்த கலவை, பொருந்தாத பிளக், பிழையான எரிபற்று நேரம் ஆகியவற்றைச் சந்தேகிக்க வேண்டும். புகை வெளியேறும் பக்கத்தில் நீளக் கீறல்கள் இருந்தால் ஒயில் குறைவோ அதிக வெப்பமோ காரணமாகலாம். சுற்றிவரப் பல இடங்களில் இறுகிய அடையாளம் இருந்தால், குளிர்ந்த எஞ்சினை உடனே முழு வேகத்தில் ஓட்டியிருக்கலாம். அல்லது குளிராக்கும் நீர் ஓடாதிருந்திருக்கலாம். நீர்ப் பம்பியின் இறப்பர் இம்பெல்லர் தேய்ந்திருப்பதும், நீர் ஓடும் வழியை உப்பு அடைத்திருப்பதும் கடல் எஞ்சின்களில் அடிக்கடி காணப்படுபவை. காபரேற்றர் ஜெற் அடைப்பும், கிராங் சீல் வழியே காற்று புகுவதும் கலவையைக் கெடுக்கும்.

அடுத்தது சிலிண்டர். சுவரில் ஒட்டிய அலுமினியத்தை அகற்றிய பின், மேல், நடு, கீழ் ஆகிய இடங்களில் குறுக்கும் நெடுக்குமாக அளக்க வேண்டும். கண்ணால் பார்த்து ‘நல்லாயிருக்கு’ என்பது அளவாகாது. தேய்வு எல்லையைக் கடந்திருந்தால் 0.25 அல்லது 0.50 மில்லிமீற்றர் கூடிய பிஸ்டனுக்கு ஏற்பப் போர் பண்ண வேண்டும். பிஸ்டனை முதலில் வாங்கி, அதை அளந்த பின்னரே போர் பண்ணுவது முறை. போர் பண்ணிய பின் துவாரங்களின் கூரிய ஓரங்களை மழுக்காவிட்டால் புதிய றிங் அதில் மாட்டி உடையும். ஹோன் பண்ணிய தூளைச் சவர்க்கார நீரால் கழுவி, வெள்ளைத் துணியில் கறை படியாத வரை துடைக்க வேண்டும். உடைந்த துண்டுகள் கிராங் அறைக்குள் விழுந்திருந்தால், மேற்பகுதியை மட்டும் புதுப்பிப்பது வீண் செலவு.

பொருத்தும்போது றிங்கின் வாய் அதற்குரிய ஊசியில் அமர வேண்டும். பழைய சேர்க்கிளிப், காஸ்கற் ஆகியவற்றை மீண்டும் போடக் கூடாது. ஹெட் போல்ற்றுகளைக் கையேட்டின் வரிசைப்படி, உரிய அளவுக்கு இறுக்க வேண்டும். முதல் சில மணித்தியாலங்கள் ஒயிலைக் கூட்டி, அதிக பாரமின்றி மெதுவாக ஓட்டுவது அவசியம்.

“தொழில் நாட்களில் இவ்வளவுக்கும் யார் பொறுத்திருப்பது?” என்று கேட்பது நியாயமே. மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக 2022 ஓகஸ்டில் உயர்ந்ததை மறக்க முடியாது. அத்தகைய நெருக்கடியில் ஒயிலைக் குறைத்துச் சமாளிக்கும் எண்ணம் எவருக்கும் வரும். ஆனால் 50க்கு 1 என்ற கலவையில் ஒரு லீற்றருக்கு 20 மில்லிலீற்றர் ஒயிலே தேவை. அதில் மிச்சம் பிடிப்பது ஒரு பிஸ்டனின் விலைக்கு ஒருபோதும் ஈடாகாது.

தனி ஒருவரால் இயலாததைச் சங்கத்தால் செய்ய முடியும். மைக்கிரோமீற்றர், போர் கேஜ், முறுக்கு அளவிடும் திறப்பு ஆகியவற்றை ஒவ்வொரு கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கமும் பொதுவில் வாங்கி வைக்கலாம். திருத்தம் முடியும்வரை இரவல் கொடுக்க ஓர் எஞ்சின் இருந்தால் அவசரத் திருத்தம் குறையும். கிராமத்து இளைஞர் இருவரைப் பயிற்சிக்கு அனுப்பலாம். ஒவ்வொரு எஞ்சினுக்கும் ஒரு கொப்பி வைத்து, திகதி, அளவு, மாற்றிய சாமான், கண்டறிந்த காரணம் ஆகியவற்றை எழுதலாம். பழைய பாகங்களை உரிமையாளரிடம் கையளித்து விளக்கம் சொல்வது மெக்கானிக்கின் கடமையாகட்டும்.

“ஏன் உடைந்தது?” என்ற கேள்விக்கு விடை கிடைக்காமல் புதிய பிஸ்டனுக்குக் காசு கொடுக்காதிருப்போம். அந்த ஒரு கேள்வி, அடகுக்குப் போகவிருக்கும் நகையையும் காக்கும், கடலுக்குப் போனவரையும் கரை சேர்க்கும்.